அந்தப் பக்கத்து மக்கள் தொகை

மூணு பேரு. எத்தனை தடவ கேட்டாலும் மூணுதான் மிஸ். நானு, எங்க வீட்டுக்காரரு கிளெமென்ட், எங்க பொண்ணு சிந்தியா. இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? போன்ல ஏத்துங்க. ஏன் விரலைத் தூக்கிப் புடிச்சிட்டு அப்படியே நிக்கறீங்க?

உக்காருங்க மொதல்ல. வாசல்ல நின்னுக்கிட்டே ஒரு வீட்டோட கணக்கை எடுத்துட முடியுமா? அந்தச் சேர் வேணாம், அது ட்யூஷன் பசங்க சேரு, ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. பேன் போடறேன். காபி குடிக்கிறீங்களா? வேணாமா? இப்பத்தான் குடிச்சீங்களா. எங்க, சுவருக்கு அந்தப் பக்கமா? ம். அதானே. யாரு வந்தாலும் என் ஓரகத்தி சும்மா அனுப்ப மாட்டா. கூடவே தட்டை மாதிரி அந்த நிப்பட்டும் குடுத்திருப்பாளே? குடுத்தாளா. தெரியும். சரி, தண்ணியாவது குடிங்க. தண்ணி எங்களோடது.

சென்சஸ் கார்டுல மமதான்னு போட்டிருக்கு, கன்னடக்காரங்களா? தமிழ் இவ்ளோ நல்லா பேசறீங்களே. லிங்கராஜபுரத்துல வளந்தீங்களா, அப்ப சரி. பக்கத்து வீட்டுல இருந்தே தமிழ் ஒட்டிக்கிட்டிருக்கும். ஸ்கூல்ல என்ன சப்ஜெக்ட்? மேத்ஸா. அதான் கரெக்டா கணக்கெடுக்க அனுப்பிட்டாங்க. நான் சோஷியல் மிஸ். மௌரீன் மிஸ்னு விவேக் நகர்ல யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க. ஸ்கூல் வேலைய விட்டுட்டேன், இப்ப வீட்டுல ட்யூஷன் மட்டும்தான். உலகத்து நெலம் பூரா இந்த ஹால்லதான் பாடம் ஆகுது. உலக மேப்பு பாருங்க, சுவரு பூரா நான்தான் ஒட்டினேன்.

ஆமா, அந்தப் பக்கம் எத்தனை பேருன்னு சொன்னா?

சொல்லக் கூடாதா. அதுவும் தெரியும். ஒரு வீட்டுக் கணக்கை இன்னொரு வீட்டுல சொல்லக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. நானே பசங்களுக்கு எழுதிப் போட்டிருக்கேன். இருந்தாலும் மனசு கேக்கல, கேட்டுட்டேன். நீங்க வாயால சொல்ல வேணாம். அங்க மூணுன்னு சொல்லியிருந்தா, நான் மூணுன்னதும் நீங்க இப்படி முழிச்சிருக்க மாட்டீங்க. முழிச்சீங்க. இப்பவும் முழிக்கிறீங்க.

இது மொதல்ல ஒரே வீடு மிஸ். எங்க மாமனாரு கட்டினது. அவரு போனப்புறம் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பிரிச்சிக்கிட்டாங்க. சண்டையெல்லாம் இல்ல, சும்மா அவங்கவங்க நிம்மதியா இருக்கட்டும்னு. எங்க வீட்டுக்காரரு மூத்தவரு, லாயிட் இளையவன். ஹாலுக்கு நடுவுல சண்முகம் மேஸ்திரிய வச்சி இந்தச் சுவரை எழுப்பினோம். அந்தப் பக்கம் லாயிட், அவன் பொண்டாட்டி ஷில்பா, பையன் ரயான். இந்தப் பக்கம் நாங்க மூணு பேரு. மூணும் மூணும். மேத்ஸ் மிஸ்ஸுக்கு இதுக்கு மேல நான் என்ன சொல்லித் தரணும்?

பசங்களுக்கு மொத நாளே நான் கேக்கற கேள்வி இது. நாடுன்னா என்னடா? கலர் அடிச்ச மேப்புன்னு சொல்வானுங்க. கொடின்னு சொல்வானுங்க. ஒருத்தன் கிரிக்கெட் டீமுன்னான். அது ஒண்ணும் இல்லடா, நாலு விஷயம் வேணும்னு சொல்வேன். நெலப்பரப்பு வேணும், மக்கள் வேணும், அரசாங்கம் வேணும், இறையாண்மை வேணும். நாலுல ஒண்ணு இல்லன்னாலும் அது நாடு இல்ல, வெறும் எடம். சரி, இப்ப எங்க பக்கத்தைப் பாருங்க. நெலப்பரப்பு இருக்கு, வாசக்கதவுல இருந்து பின்னாடி துணி தொவைக்கிற கல்லு வரைக்கும். அரசாங்கம் நானு. இறையாண்மைன்னா என் வீட்டுல என்ன நடக்கணும்னு வெளியாளு யாரும் சொல்லக் கூடாது, சொல்லவும் விட மாட்டேன். மிச்சம் ஒண்ணுதான். அதைக் கேக்கத்தான் நீங்க வந்திருக்கீங்க.

ஏன் மிஸ், மூக்கை அப்படித் தூக்கறீங்க? அங்க தாளிக்கிறாளா? என்ன வாசனை வருது? ... சரி, விடுங்க, விடுங்க. கேள்விய கேளுங்க.

அடுப்பா. ம். அந்தக் கேள்வி வரும்னு தெரியும். ஒரே அடுப்புல சமைச்சி ஒண்ணா சாப்பிடறவங்க ஒரு குடும்பம், அதானே உங்க ரூலு? ஒரு கூரைக்குக் கீழ நாலு அடுப்பு இருந்தா நாலு குடும்பம். ரத்த சம்பந்தம் கணக்கில்ல, தாலி கணக்கில்ல, எந்தக் கட்டில்ல படுக்கறோம்ங்கறதும் கணக்கில்ல. யாரு இந்த ரூலைப் போட்டாங்களோ அவங்க வீட்டுல ஓரகத்தி இல்ல போல.

எல்லைன்னா சிம்பிளா இருக்கும்னு நெனைக்கிறீங்களா? ஓசூர் ரோட்டுல போங்க, அத்திப்பள்ளி தாண்டினா ஒரு வளைவு, அவ்ளோதான் தமிழ்நாடு. டீக்கடை அதே டீக்கடை, பன்னு அதே பன்னு, போர்டுல எழுத்து மட்டும் மாறும். அந்த மாதிரி எல்லை நல்ல எல்லை. எங்க வீட்டு எல்லை அப்படி இல்ல. பிரிக்கும்போது பழைய பாத்ரூம் அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு. அதுல பாதி எங்களுக்குன்னு பேச்சு. புதுச்சேரிக்குச் சொந்தமான மாஹே கேரளாவுக்குள்ள இருக்கே, அந்த மாதிரி. தெனம் காலைல டவலைத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிநாடு போயி குளிச்சிட்டு வரணும் நாங்க. வாசல் கேட்டு ரெண்டு பேருக்கும் பொது, சண்டிகர் மாதிரி, ரெண்டு மாநிலத்துக்கும் அதுதான் தலைநகரம். மொட்டை மாடி யாருக்கும் இல்ல, யூனியன் பிரதேசம். முன்னாடி துணி போட்டவங்களுக்கு அன்னிக்கு அது சொந்தம். சம்ப்புத் தண்ணிய பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன். பெங்களூருல உக்காந்துக்கிட்டு தண்ணி பங்கீடு பேசற தைரியம் எனக்கு இல்லம்மா.

சிரிக்கிறீங்க. பசங்களும் சிரிப்பானுங்க. வீட்டை வச்சி சொன்னாத்தான் அவனுங்களுக்கு ஏறும். இப்ப நம்ம கார்ப்பரேஷனை அஞ்சா பிரிச்சிட்டாங்க இல்ல, அன்னிக்கு ஒரு பையன் கேட்டான், மிஸ், அப்ப நாம வேற ஊருக்குப் போயிட்டமான்னு. இல்லடா, போர்டுதான் மாறிச்சு, நீ அதே தெருவுல அதே சைக்கிள்லதான் வரப்போறேன்னேன். போர்டு மாறினா ஒண்ணும் ஆகாது மிஸ். சாப்பாட்டு நேரத்துக்கு ஜனங்க எந்தப் பக்கம் நடக்கறாங்கன்னு பாக்கணும். அங்கதான் விஷயம் இருக்கு.

ஷில்பாவை நீங்க பாத்தீங்க இல்ல? எப்படித் தெரிஞ்சா? நல்லவதானே? எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. கனகபுரா பக்கத்துப் பொண்ணு, லாயிட் ஆபீஸ்ல சேந்து, பழகி, கல்யாணம் பண்ணிக்கிட்டான். எங்க மாமனாரு ஒரு வருஷம் மூஞ்ச தூக்கி வச்சிருந்தாரு. அப்புறம் ஒரு நாளு அவ ராகிக் களி முத்தேயும் பஸ்ஸாரும் பண்ணிக் குடுத்தா. கீரைய வேகவச்சி, அந்தத் தண்ணிய எடுத்து, மசாலா அரைச்சி கொதிக்க விடற சாரு, அதான் பஸ்ஸாரு. மாமனாரு தட்டை வழிச்சி வழிச்சி சாப்பிட்டாரு, மாமியாரு போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் மொத தடவ. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. இருபது வருஷமா நான் அவருக்கு மீன் கொழம்பு வச்சிருக்கேன் மிஸ், ஒரு நாளும் வழிச்சி சாப்பிட்டதில்ல. நல்லாருக்கும்மான்னு சொல்வாரு. சொல்வாரு, அவ்ளோதான்.

எனக்குப் பொறாமைன்னு நெனைக்கிறீங்க. ஆமா. பொறாமைதான். உங்ககிட்ட மறைச்சி என்ன ஆகப் போவுது, நீங்க நாளைக்கு வேற தெருவுக்குப் போயிடுவீங்க. வயிறு எரியுது மிஸ். அவ எங்க கோயிலுக்குக் கல்யாணத்துக்கப்புறம்தான் வர ஆரம்பிச்சா. ஆனா வியாழக்கிழமை குழந்தை இயேசு நவநாளுக்குப் போனா, எனக்கு முன்னாடியே முன் வரிசைல எடம் புடிச்சி உக்காந்திருப்பா. எனக்கும் எடம் புடிச்சி வச்சிருப்பா, அதுதான் இன்னும் கோவம். அக்கா, இல்லி பன்னி, இங்க வாங்கன்னு கை காட்டுவா. நான் பொறந்து ஞானஸ்நானம் வாங்கின கோயில் மிஸ் அது, எனக்கு இவ எடம் குடுக்கறா! ஃபாதர் வீடு மந்திரிக்க வந்தா எங்க பக்கம் அஞ்சு நிமிஷம் தீர்த்தம் தெளிச்சிட்டு, அந்தப் பக்கம் போயி ஒரு மணி நேரம் உக்காந்து சாப்பிட்டுட்டுப் போவாரு. போகும்போது ஜன்னல் வழியா என்னைப் பாத்து, மௌரீன், உங்க ஓரகத்தி கையில ஆண்டவர் இருக்காருன்னாரு. நான் ஆமென்னேன். வேற என்ன சொல்ல?

ட்யூஷன் பசங்களும் அப்படித்தான். சாயங்காலம் பாடம் நடத்திக்கிட்டே இருப்பேன். திடீர்னு எல்லாம் தலைய தூக்கும். பூனைங்க மாதிரி. மிஸ், வாசனை மிஸ்! என்னடா வாசனை? ஷில்பா ஆன்ட்டி என்னமோ வறுக்கறாங்க மிஸ்! ஒருத்தன் வெங்காயம்பான், ஒருத்தன் தேங்காம்பான். நான் ஸ்கேலால டேபிள்ல தட்டி, மேப்பைப் பாருங்கடான்னு கத்துவேன். மேப்பை யாரு பாக்கறா? சுவருல ஒட்டின நாடெல்லாம் ஒட்டினபடி இருக்கு. இவனுங்க மூக்கு மட்டும் சுவரைத் தாண்டிப் போயிட்டு வந்துடுது. பாஸ்போர்ட் வேணாம், விசா வேணாம்.

எங்க ஆளு கிளெமென்ட் இருக்காரே, அவரு எப்ப தாண்டினாரு தெரியுமா? ஒரு நாள்ல தாண்டல. சிக்கிம் எப்படி நம்ம மாநிலம் ஆச்சுன்னு பாடம் நடத்தியிருக்கீங்களா? நீங்க மேத்ஸ், இல்ல? மொதல்ல அது தனி. ராஜா தனி, அரமனை தனி. நாங்க பாதுகாப்பு மட்டும் குடுக்கறோம், வெளி விவகாரம் மட்டும் பாத்துக்கறோம்னு ஆரம்பிச்சிது. பாதுகாப்பு நாடுன்னு அதுக்குப் பேரு. கொஞ்ச வருஷம் போயி பாத்தா முழுசா சேந்தாச்சு. நான் தப்புன்னு சொல்லல, அங்க ஜனங்க ஓட்டு போட்டாங்கன்னுதான் புஸ்தகத்துல இருக்கு. எங்க வீட்டுலயும் ஜனங்க ஓட்டு போட்டுட்டாங்க. மொதல்ல ஒரு கிண்ணத்துல கொழம்பு வந்திச்சு. அக்கா, சும்னே டேஸ்ட் பாருங்க. அப்புறம் சண்டே சண்டே. அப்புறம் அவரு வேலை முடிஞ்சி வர்றப்பவே சைக்கிளை அந்தப் பக்கம் சாத்தினாரு. பொம்மசந்திராவுல இருந்து கம்பெனி பஸ்ஸுல வந்து, ஸ்டாப்புல இருந்து சைக்கிள்ல வருவாரு. கேட்டைத் தொறக்கற சத்தம் கேக்கும். நான் எழுந்து நிப்பேன். காலடிச் சத்தம் அந்தப் பக்கம் போகும். நான் திரும்ப உக்காருவேன்.

சாப்பிட்டு முடிச்சி இங்க வந்துதான் தூங்குவாரு. அதை நீங்க எழுதிக்கணும். தூங்கறது இங்க. சட்டை இங்க, மாத்திரை இங்க, செத்தா பெட்டி கெளம்பறதும் இந்த வாசல்ல இருந்துதான். சாப்பாடு மட்டும் அங்க.

ம். அதான் ரூலு. சாப்பாடு எங்கயோ அங்கதான் ஆளு.

சரி, அப்ப அவரை எடுத்துடுங்க. ரெண்டுன்னு போடுங்க. நானும் சிந்தியாவும்.

சிந்தியாவா? இன்ஜினியரிங் படிக்கிறா, இதோ எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்துல காலேஜு. அவ எங்க சாப்பிடறான்னா... காலைல காலேஜ் கேன்டீன். மதியம் டப்பா. டப்பா யாரு கட்டறான்னு கேக்கறீங்களா? நல்லா கேக்கறீங்க மிஸ் நீங்க. மேத்ஸ் மிஸ்ஸுன்னா படிப்படியாத்தான் போவீங்க போல.

ஒரு கதை சொல்றேன், கதை இல்ல, நடந்தது. பங்களாதேஷ் எல்லைல கூச் பெஹார்னு ஒரு எடம். அங்க பங்களாதேஷுக்குள்ள இந்தியாத் துண்டு, அந்தத் துண்டுக்குள்ள பங்களாதேஷ் துண்டு, அதுக்குள்ளயும் ஒரு வயக்காடு மட்டும் திரும்ப இந்தியா. வெங்காயத்தை உரிக்கிற மாதிரி. கரண்டு வராது, போலீசு வராது, ஆஸ்பத்திரிக்குப் போனா நீ எந்த ஊருன்னு கேப்பாங்க. அப்புறம் பத்துப் பன்னண்டு வருஷம் முன்னாடி ரெண்டு நாடும் ஒக்காந்து பேசி துண்டுங்கள மாத்திக்கிட்டாங்க. மாத்தும்போது வீடு வீடாப் போயி, ஒவ்வொரு ஆளையும் கேட்டாங்களாம், உனக்கு எந்த நாடு வேணும்னு. நான் இதைப் பசங்களுக்குச் சொல்லும்போதெல்லாம், எவ்ளோ அழகான கேள்வி பாருங்கடான்னு சொல்வேன்.

போன மாசம் நானே அந்தக் கேள்விய சிந்தியாகிட்ட கேட்டேன். வெளையாட்டாத்தான் கேட்டேன். ஏண்டி, உனக்கு எந்த நாடு வேணும், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? அவ போனைப் பாத்துக்கிட்டே, மம்மி, பசிக்குது, அப்புறம் பேசலாம்னு எந்திரிச்சிப் போனா. எந்தப் பக்கம் போனான்னு சொல்லணுமா? அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன். வயசுப் பொண்ணு, பசிக்கும். சின்ன வயசுல அவளுக்குக் கிறிஸ்துமஸ் குல்குல் நான்தான் உருட்டுவேன். முள்ளுக்கரண்டி பின்பக்கம் வச்சி உருட்டி உருட்டி, விடிய விடிய. போன கிறிஸ்துமஸுக்கு ஷில்பா யூட்யூப்ல பாத்து உருட்டினா. சிந்தியா ஒண்ணை எடுத்து வாயில போட்டுட்டு, மம்மி பண்றதைவிட நல்லா இருக்கு சித்தின்னா. நான் அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். கையை நீட்டி ஒண்ணு எடுத்து நானும் வாயில போட்டேன். எனக்கு மாவு மாதிரிதான் இருந்திச்சு. மாவும் சக்கரையும். அதுல என்ன நல்லா இருக்குன்னு எனக்கு வெளங்கவே இல்ல.

எந்த ஜன்னலா? இதோ, மேப்புக்கு அடியில பாருங்க, மரக்கதவு. ஆப்பிரிக்காவுக்குக் கீழ. பழைய வீட்டுல அது சமையக்கட்டுக்கும் சாப்பாட்டு ஹாலுக்கும் நடுவுல இருந்த ஜன்னல், தட்டு நீட்டறதுக்கு. பிரிக்கும்போது சமையக்கட்டு லாயிட் பங்குக்குப் போச்சு. சண்முகம் அந்த ஓட்டைய அடைக்கட்டுமான்னு கேட்டான். நான்தான் வேணாம்னேன். காத்து வரட்டும்னு. எங்களுக்குப் பின்னாடி புதுசா சமையக்கட்டு கட்டிக்கிட்டோம். டைல்ஸ் எல்லாம் போட்டு. பாக்கறீங்களா? வேணாம், வேணாம், உக்காருங்க, அங்க பாக்க ஒண்ணும் இல்ல.

அதைக் கட்டாயம் பாக்கணுமா? சமையக்கட்டு இருக்கா, கேஸ் இருக்கா, என்ன அடுப்புன்னு எல்லாத்தையும் ஏத்தணுமா. இருக்குன்னு போடுங்க மிஸ். சமையக்கட்டு இருக்கு. கேஸ் புக்கு இருக்கு, என் பேருல. ஒண்ணு, ஒரு ஆளு, ஒரு அடுப்பு. மௌரீன், பெண், குடும்பத் தலைவி. தலைவிக்குக் கீழ யாரும் இல்லன்னா தலைவின்னு போடக் கூடாதுன்னு ரூலு எதுவும் இல்லையே? இல்லையா. தேங்க்ஸ். அப்ப ஒண்ணுன்னு ஏத்திடுங்க. ரோம் ஊருக்கு நடுவுல வாட்டிகன் இருக்கு, அவ்ளோ பெரிய ஊருக்குள்ள சின்னூண்டு. அதுவும் நாடுதானே? போப் இருக்காரே, அவருக்கு என்ன பொண்டாட்டியா புள்ளையா.

... யாரு? ஆங், இருக்கேன் ஷில்பா. இல்ல, இன்னும் போகல, இங்கதான் உக்காந்திருக்காங்க. ... பேடம்மா, வேணாம், அப்புறமா... இல்ல, ஆறிப் போனா பரவால்ல... சரி, சரி. குடு. பாத்து, சாரு சிந்தும். ம். ஆச்சு. சாத்திக்கோ.

...

அப்படிப் பாக்காதீங்க மிஸ். அந்த டேபிள்ல வைக்கிறேன், கையி சுடுது.

ஆமா. எனக்குத்தான். தெனமும்தான். மதியமும் ராத்திரியும், ஆப்பிரிக்காவுக்குக் கீழ இருந்து ஒரு தட்டு வரும். காலைல நாஷ்டாவும் அவங்களுக்கு அங்கயே, எனக்கு மட்டும் ஜன்னல் வழியா இங்க. நான் அங்க போயி உக்காந்து சாப்பிட மாட்டேன்னு சொல்லிட்டேன். எல்லை தாண்ட மாட்டேன். அதனால சாப்பாடு தாண்டி வருது.

என் மூக்கு போயிடுச்சு மிஸ். கொரோனா ரெண்டாவது அலைல போனது, எல்லாருக்கும் திரும்பி வந்திச்சு, எனக்கு வரல. டாக்டருங்க பாத்தாச்சு, ஸ்ப்ரே அடிச்சாச்சு, காபிக் கொட்டைய மோந்து மோந்து பாக்கச் சொன்னாங்க, அதுவும் செஞ்சாச்சு. மல்லிப்பூவும் மண்ணெண்ணையும் எனக்கு ஒண்ணுதான். மூக்கு இல்லன்னா நாக்கும் பாதிதான். உப்பு தெரியும், காரம் எரியும், மத்ததெல்லாம் சும்மா சூடா ஒண்ணு, ஜில்லுனு ஒண்ணு. அப்பவும் சமைச்சிக்கிட்டுதான் இருந்தேன். கை பழக்கம் இருக்கே. மீன் கெட்டுப் போனது தெரியாம வச்சேன், அவரு எந்திரிச்சிப் போயி கை கழுவினாரு. பால் தீஞ்சி போயி வீடு பூரா பொகை, நான் ஹால்ல உக்காந்து பேப்பர் திருத்திக்கிட்டு இருக்கேன். அதெல்லாம் கூட சமாளிச்சிருப்பேன். ஒரு நாளு அடுப்பு அணைஞ்சி கேஸ் வந்துக்கிட்டே இருந்திருக்கு. எனக்குத் தெரியல. ட்யூஷன் பசங்க வர்ற நேரம். ஷில்பாதான் அந்த ஜன்னல் வழியா வாசனை புடிச்சி, அக்கா அக்கான்னு அலறிக்கிட்டு ஓடி வந்து மூடினா. மறுநாளே கிளெமென்ட் சிலிண்டரைத் தூக்கிட்டுப் போயி அந்தப் பக்கம் வச்சிட்டாரு. கரண்டு அடுப்பு வாங்கித் தரேன்னாரு, அதுலயும் கருகும், கருகினா எனக்குத் தெரியாது, வேணாம்னுட்டேன். அதான் உங்களுக்குக் காபி போட்டுக் குடுக்கல. வேணும்னு சொல்லியிருந்தீங்கன்னா அந்த ஜன்னலைத்தான் தட்டியிருக்கணும்.

அழல மிஸ். அழற ஆளு இல்ல நான். எனக்கு எரிச்சல்தான். அவ என் உயிரைக் காப்பாத்தினா, என் புருஷனுக்குச் சோறு போடறா, என் பொண்ணுக்கு டப்பா கட்டறா, எனக்குக் கோயில்ல எடம் புடிக்கிறா. ஒரு வார்த்தை குத்திப் பேசமாட்டேங்கறா. நான் எப்படி அவளோட சண்டை போடறது? எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவுல பீர் தவில்னு ஒரு நெலம் இருக்கு. ரெண்டு நாடும் அது எங்களுது இல்ல, உங்களுதுன்னு சொல்லும். உலகத்துலயே யாரும் வேணும்னு கேக்காத எடம். என்னை அப்படி விட்டிருந்தாங்கன்னா கூட நிம்மதியா ரெண்டு பக்கத்தையும் திட்டிக்கிட்டு கெடப்பேன்.

அவ அப்படி விடல, இல்ல? நீங்க சொல்ல வேணாம், சட்டம் தெரியும். ஆறுன்னு சொல்லியிருக்கா. நான் வாசல்ல மூணுன்னப்ப நீங்க முழிச்சது அதுக்குத்தான். என்னையும் சேத்துதான் சொல்லியிருக்கா. பேரைக் கூட முழுசா சொல்லியிருப்பா, மௌரீன் கிளெமென்ட், வயசு, படிப்பு, எல்லாம். எம்.ஏ., பி.எட்.னு மறக்காம சொல்லியிருப்பா. எனக்கு அவளைத் தெரியும்.

சரி. ஆறுன்னே இருக்கட்டும். அந்தப் பக்கமே. இந்தப் பக்கத்துக்கு என்ன ஏத்துவீங்க? ட்யூஷன் நடக்கற எடம்னு ஒரு வகை இருக்கா? அதையே போடுங்க. ஆளு இல்ல, பாடம் மட்டும்.

போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு உதவி மிஸ். வெளியாளு, உங்களுக்குப் பொய் சொல்ல அவசியம் இல்ல. அவரைக் கேட்டா நல்லாருக்குன்னு சொல்லி சிரிக்கிறாரு. சிந்தியாவைக் கேட்டா, சும்மா இரு மம்மிங்கறா. இந்தத் தட்டைக் கொஞ்சம் கிட்ட கொண்டு போயி மோந்து பாருங்க. கூச்சப்படாதீங்க. நல்லா மூச்சை இழுங்க. என்ன வாசனை? எது மொதல்ல வருது, பூண்டா, தேங்காயா? எல்லாரும் எதுக்கு அந்தப் பக்கம் போனாங்கன்னு நான் தெரிஞ்சிக்கணும் இல்ல?

... மெதுவாச் சொல்லுங்க. ஒண்ணொண்ணாச் சொல்லுங்க.

ம்.

ம். மொதல்ல வறுத்த பூண்டு, அப்புறந்தான் தேங்காயா. என் மாமியாரு அந்தச் சமையக்கட்டுல வச்ச கொழம்புலயும் அந்த வாசனைதான் மிஸ் வரும்.